ஒன்றும் செய்யாத செடி

செடிக்குழுவில் அவளுக்குப் பெயர் கள்ளியக்கா. வேலை செய்யும் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே அக்கா. இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க, இப்ப விடுங்க" என்பதை ஒரு நாளைக்கு அறுபது தடவையாவது சொல்வாள். படம் திரையில் வந்த மறுநொடி எலும்பு விரிசல் விட்டிருக்கிறதா, நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாய் திறக்கக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். சட்டைப் பொத்தானைப் போட்டபடி "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பவர்களிடம் "ரிப்போர்ட் வரும், டாக்டர் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள்.

செடி விஷயத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பார்த்தாள், சொன்னாள்.

குழுவில் நானூறு பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லோரும் கள்ளி, கற்றாழை, தடித்த இலைச்செடி என்று வளர்ப்பவர்கள். கடையில் வாங்கியது குறைவு. அடுத்த வீட்டு மதிலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததை ஒடித்தது, பல் டாக்டர் வரவேற்பறையில் உதிர்ந்து கிடந்த இலையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது, இப்படித்தான் பாதிக்கு மேல். துண்டை நான்கு நாள் காயவைத்து மண்ணில் குத்திவைத்தால் வேர் விட்டுவிடும். பெயர்தான் தெரியாது. உடனே படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள்: அக்கா, இது யாரு?

துண்டை வைத்துச் செடியைச் சொல்வது லேசான காரியமில்லை. முழுச்செடியின் வளர்ந்த வாகு தெரியாது, பூ இருக்காது, தொட்டி மாறினால் இலையின் நிறமே மாறிப்போகும். கள்ளியக்கா முதலில் முள்ளைப் பார்ப்பாள். முள் கிளம்பும் இடத்தில் பஞ்சு வைத்தாற்போல ஒரு சின்னத் திட்டு இருந்தால் அது ஒரு குடும்பம். திட்டு இல்லாமல், கீறினால் பால் வடிந்தால் வேறு குடும்பம். நம் பேச்சில் இரண்டுக்குமே கள்ளி என்று பெயர் வைத்துவிட்டதால் வந்த குழப்பத்தைத் தீர்ப்பதே அவளுக்குப் பாதி வேலை. பிறகு இலை ஒட்டியிருந்த தழும்பு, இலையின் அடிப்பக்கம், வெட்டுவாயின் ஈரம். "அடிப்பக்கம் ஒரு படம் போடுங்க" என்று கேட்டு வாங்கித்தான் சொல்வாள். சொன்னால் பெரும்பாலும் தப்பாது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பால்கனியில் இரும்புத் தட்டு அடித்துக் கொடுத்தது அவர்தான். அதற்காகவே கேலி செய்யும் உரிமையும் தனக்கு இருப்பதாக நினைத்தார். "மனுஷங்ககிட்ட எண்ணி நாலு வார்த்தை. முள்ளைப் பாத்துட்டா நாப்பது" என்பார்.

நீலக்குடை குழுவில் எப்போது சேர்ந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பொதுவில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு மழைநாள் மதியம் கள்ளியக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை. முகப்புப் படத்தில் விரித்துவைத்த ஒரு நீலநிறக் குடை மட்டும். கீழே ஒரு செடியின் படம்.

"இது என்ன செடி? சாப்பிட்டா ஏதாவது பண்ணுமா?"

படத்தில் இருந்தது ஒரு சிறு கிளை. தடித்து, பளபளவென்று, நாணயம் போன்ற இலைகள். எல்லா வீட்டு வாசலிலும் இருப்பது. கள்ளியக்கா பெயரைச் சொல்லி, "சாப்பிடுறதுக்கு இல்ல. ஆனா பெரிய ஆபத்தும் இல்ல. குழந்தை வாயில வச்சுடுச்சா?" என்று எழுதினாள். பதிலுக்கு "நன்றி" மட்டும் வந்தது.

அடுத்த வாரம் இன்னொரு படம். அதற்கடுத்த வாரம் இன்னொன்று. ஒவ்வொன்றும் வேறு வேறு செடி. கேள்வி மட்டும் ஒன்றேதான். மூன்றாவது படத்தில் கள்ளியக்காவுக்கு ஏதோ உறுத்தியது. மற்றவர்கள் எல்லாம் தொட்டியில் நட்டதையோ, நடுவதற்குக் காயவைத்ததையோ படம் எடுப்பார்கள். இவள் படங்களில் மண்ணே இல்லை. சமையல் மேடை, வெட்டும் பலகை, எவர்சில்வர் தட்டு. செடியும் நடுவதற்காக வெட்டியதுபோல இல்லை. நறுக்கிய மிச்சம் போல இருந்தது.

நான்காவது படம் பென்சில் கனத்தில் பச்சைக் குச்சிகள். இலை கிடையாது. ஒடிந்த இடத்தில் வெள்ளையாகப் பால் உறைந்திருந்தது.

"திருகுக்கள்ளி. இதோட பால் பொல்லாதது. கண்ணுல பட்டா பார்வையே போயிடலாம். உள்ளே போனா வாய், தொண்டை, வயிறு எல்லாம் வெந்துபோகும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று எழுதினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "தண்ணில கலந்தா நிறம் தெரியுமா?"

கள்ளியக்கா அதை இரண்டு முறை படித்தாள். எதிரே ஒரு முதியவர் முழங்கால் படத்துக்காகக் கட்டிலில் படுத்திருந்தார். அவரை எடுத்து முடித்து அனுப்பிவிட்டு மறுபடி படித்தாள். அதற்குள் இன்னொரு வரி சேர்ந்திருந்தது.

"ருசி தெரியுமா?"

"யாருக்காகக் கேக்குறீங்க?" என்று எழுதினாள். படித்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் துண்டிக்கப்பட்டது. உடனே செய்தி: "கூப்பிடாதீங்க. எழுதுங்க போதும்."

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் போனைக் காட்டினாள். அவர் சட்டையைக் கழற்றாமலே நின்றுகொண்டு, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"ஏம்மா, நீ என்ன கொலைகாரிக்கு ட்யூஷன் எடுக்கிறியா?"

"விளையாடாதீங்க."

"நான் விளையாடல. பேர் என்ன, ஊர் என்ன, ஒண்ணும் தெரியாது. நிறம் தெரியுமா, ருசி தெரியுமான்னு கேக்குறா. இதுக்கு வேற என்ன அர்த்தம் இருக்கு? பேசாம போலீஸ்ல காட்டு. இல்லாட்டி நம்பரைத் தடுத்து வச்சுடு."

போலீசில் என்னவென்று சொல்வது? ஒருத்தி செடியின் பெயர் கேட்கிறாள் என்றா? தடுத்து வைத்துவிடலாம். ஆனால் நானூறு பேர் இருக்கும் குழுவில் பதில் சொல்ல வேறு யாராவது இருப்பார்கள். அவர்கள் ஒன்றும் யோசிக்காமல் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள். கள்ளியக்கா தடுக்கவில்லை. தன் கண்முன்னாலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அப்படி நினைத்ததில் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்று பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் எதுவும் வரவில்லை. பிறகு அந்தப் படம் வந்தது.

கம்பி வடிகட்டி. அதில் அரைபட்ட பச்சைச் சக்கை. சக்கைக்கு மேலே முழுசாகத் தப்பிய ஒரு நீள இலை. இலையின் ஓரமெல்லாம் ரம்பம் போலப் பல், பல்லிடுக்கில் குண்டூசித் தலையளவு குட்டிச் செடிகள். அடிப்பக்கத்தில் ஊதாக் கோடுகள். கள்ளியக்கா கேட்காமலேயே அடிப்பக்கத்தையும் தனியாகப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்.

பார்த்த மாத்திரத்தில் கள்ளியக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இது கலஞ்சோ வகை. குழுவில் இதற்குக் குட்டிபோட்டான் என்று செல்லப்பெயர். ஒரு இலை விழுந்தால் நூறு செடி முளைக்கும். கல்லடைப்புக்கு நல்லது என்று வேறொரு இலையைச் சிலர் சாறு எடுத்துக் குடிப்பார்கள். அதற்கும் இதற்கும் சாயல் உண்டு, ஆனால் இது வேறு. இதன் சத்து நேராகப் போய் இதயத்தைப் பிடிக்கும். மாடு மேய்ந்தாலே விழுந்துவிடும்.

கீழே கேள்வி: "இது ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு ஏதாவது பண்ணுமா?"

மதிய இடைவேளை. ஸ்கேன் சென்டரில் உடை மாற்றும் சின்ன அறையின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கொக்கியில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு துப்பட்டா தொங்கியது. அவள் மனதில் ஒரு வீடு தெரிந்தது. அதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் கிடக்கும் ஒரு மாமியார், அல்லது மாமனார், அல்லது கணவன். சமையலறையில் முகம் தெரியாத ஒரு பெண், வடிகட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பதிலுக்காகப் போனைப் பார்த்தபடி நிற்கிறாள்.

உண்மையைச் சொன்னால் அவள் கையில் கத்தியைக் கொடுத்த மாதிரி. பதில் சொல்லாவிட்டால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வாள். ஒன்றும் பண்ணாது என்று சொல்லிவிட்டால்? பிரயோஜனமில்லை என்று தூக்கிக் குப்பையில் போட்டுவிடுவாள். யோசிக்க யோசிக்க அதுதான் சரி என்று பட்டது.

"இது சும்மா அழகுச்செடி. சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாது. ஹார்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று எழுதி அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "ரொம்ப நன்றிக்கா." அதற்குக் கீழே கைகூப்பும் படம் இரண்டு. இதுவரை அவள் அக்கா என்று எழுதியதில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர், "பொய்தானே, தப்பில்ல" என்றார். பிறகு, "எதுக்கும் அந்த மெசேஜையெல்லாம் அழிக்காம வை" என்றார்.

ஒன்பது நாள் கழிந்தது. பத்தாவது நாள் காலை, வரிசையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தபோது, நீலக்குடையின் எண்ணிலிருந்து போன் வந்தது. கூப்பிடாதீங்க என்று எழுதியவளே கூப்பிடுகிறாள். கள்ளியக்கா ஒரு பெண்ணை நெஞ்சைத் தட்டோடு ஒட்டி நிற்கவைத்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து படத்தை எடுத்து முடித்துவிட்டுப் போனை எடுத்தபோது அது மூன்றாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தது.

வேறு குரல். சின்ன வயதுக் குரல்.

"செடி அக்காங்களா? இது எங்க அக்கா ஃபோன். நான் அவ தங்கச்சி பேசுறேன். அக்கா ஐசியூல இருக்கா."

"என்னாச்சு?"

"நாடித்துடிப்பு முப்பத்தஞ்சுக்கு வந்துடுச்சு. வாந்தி நிக்கல. பாக்குறதெல்லாம் மஞ்சளா தெரியுதுன்னா. ஹார்ட் மாத்திரை அதிகமா போட்டுட்டாளான்னு டாக்டர் கேட்டாரு. எண்ணிப் பாத்தோம், சரியாத்தான் இருக்கு. வேற என்ன சாப்பிட்டான்னா தினம் காலைல ஒரு இலைச்சாறு குடிப்பாளாம். மாமாதான் போட்டுக் குடுப்பாரு. அது ஒண்ணும் பண்ணாது, செடி தெரிஞ்சவங்ககிட்ட அவளே கேட்டு வச்சிருக்கான்னு மாமா சொல்றாரு. ஃபோன்ல பாத்தேன், நீங்க அப்படித்தான் எழுதியிருக்கீங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "டாக்டர் பக்கத்துலதான் நிக்கிறாரு. அது நிச்சயமா ஒண்ணும் பண்ணாதா அக்கா? அப்படின்னா அவரு வேற பக்கம் பாக்கணுமாம்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எக்ஸ்ரே எடுத்த பெண் இன்னும் தட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "இப்ப விடுங்க" என்று சொல்ல மறந்திருக்கிறாள்.

"பண்ணும்" என்றாள். "நான் எழுதினது பொய். அது விஷம். டாக்டர்கிட்ட ஃபோனைக் குடு."

டாக்டர் செடியின் பெயரைக் கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். இதயத்துக்குக் கொடுக்கும் மாத்திரையில் இருப்பது போன்ற ஒரு சத்து அந்த இலையில் இருக்கிறது, அதுவும் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது என்றும் சொன்னாள். அவர் குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நேத்தே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று பிற்பகல் அவள் எடுத்த படங்களில் இரண்டு மங்கலாக வந்தன. திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

நீலக்குடை பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் தனியறைக்கு மாற்றியதும் கள்ளியக்கா போய்ப் பார்த்தாள். போகவேண்டாம் என்று கணவர் சொன்னார். "எதுக்கு? மன்னிப்புக் கேக்கவா? கேட்டா குடுத்துடுவாங்களா?" என்றார். ஆனாலும் ஆஸ்பத்திரி வாசல்வரை அவரே கொண்டுவந்து விட்டார்.

அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, வெட்டிச் சீராக்கிய நகங்கள். படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருப்பவர். இவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"நீங்கதானா அந்தச் செடி அக்கா. உக்காருங்க. பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. நான் கீழ போய் மருந்து வாங்கிட்டு வந்துடறேன்." மனைவியின் போர்வையை இழுத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

படுக்கையில் இருந்தவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் போன பிறகுதான் பேசினாள்.

"நாலு மாசமா குடுக்கிறாரு. வீடு வீடா ஃப்ரேம் மாட்டப் போவாரு இல்ல, போற வீட்டுல இருந்தெல்லாம் ஒரு துண்டு ஒடிச்சிட்டு வருவாரு. அவருக்கே பேர் தெரியாது. உடம்புக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாராம். வாரத்துக்கு ஒரு செடி மாத்துவாரு. ஒண்ணு ஒத்துக்கும், ஒண்ணு ஒத்துக்காது. ஒத்துக்காததுதான் திரும்பத் திரும்ப வரும். அப்பதான் எனக்குள்ள ஒரு பயம்."

"ஏன் எங்கிட்ட நேரா சொல்லல?"

"என் ஃபோனை தினம் பாப்பாரு. அனுப்பினதும் அழிச்சிடுவேன். ரெண்டு வரிக்கு மேல எழுதப் பயம். அவர் குளிக்கப் போற நேரத்துல சமையல்கட்டுல மிஞ்சிக் கிடக்கிறதைப் படம் எடுப்பேன். அந்தப் பால்கள்ளி வந்த அன்னிக்குக் குடிக்கிற மாதிரி பண்ணிட்டுப் பாத்திரம் கழுவுற தொட்டியில ஊத்திட்டேன். நீங்க சொன்னதாலதான் தப்பிச்சேன்."

கள்ளியக்கா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா நீங்க ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதினதும் எனக்கு அழுகையே வந்துடுச்சு" என்றாள் நீலக்குடை. "கட்டின மனுஷனைப் போய் இப்படிச் சந்தேகப்பட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. அந்த ஒரு மெசேஜை மட்டும் நான் அழிக்கல. வச்சு வச்சுப் படிச்சேன். அன்னையிலேருந்து டம்ளர்ல மிச்சம் வைக்காம குடிச்சேன்."

அதற்கு மேல் மறைக்க முடியாது என்று கள்ளியக்காவுக்குத் தெரிந்தது. தான் ஏன் அப்படி எழுதினாள் என்பதைச் சொன்னாள். வழவழவென்று இல்லாமல், சுருக்கமாகச் சொன்னாள். நீலக்குடை கேட்டுவிட்டுக் கதவின் பக்கம் திரும்பினாள்.

"அவரைப் பாத்து யாருமே அப்படி நினைச்சதில்ல" என்றாள். "நீங்க என்னைப் பாக்காமலே நினைச்சிட்டீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் கள்ளியக்காவுக்குத் தாங்கியிருக்கும். கதவு திறந்தது. மருந்துப் பையோடு நீலக்குடையின் கணவர் உள்ளே வந்தார். "பேசினது போதும், களைச்சுப் போயிடுவா" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிருந்தது. ஒரு அதிகாரி இரண்டு தடவை வந்து விசாரித்தார். சட்டக்கடைக்காரர் ஒன்றையும் ஒளிக்கவில்லை. ஆமாம், சாறு நான்தான் போட்டுக் கொடுத்தேன். நல்லது என்று நினைத்தேன். அவளும் சந்தேகத்துக்குக் கேட்டுத் தெளிந்துகொண்டுதான் குடித்தாள். இதோ பாருங்கள், செடி தெரிந்தவர்களே எழுதியிருக்கிறார்கள், நான் வெறும் ஃப்ரேம் போடுகிறவன், எனக்கு என்ன தெரியும்? மனைவியின் போனில் அந்த ஒரே ஒரு கேள்வியும் ஒரே ஒரு பதிலும்தான் இருந்தன. கணவர் கட்டிலருகிலேயே நின்றதால், முன்பு கேட்டவற்றைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அதிகாரி படித்துவிட்டு, அறியாமல் நடந்தது என்று எழுதிக்கொண்டு போனார். டாக்டரிடம் உண்மையைச் சொன்ன கள்ளியக்காவை யாரும் கூப்பிடவில்லை. அவளும் போகவில்லை. பயந்தாள். தெரிந்தே விஷத்தை ஒன்றும் பண்ணாது என்று எழுதியவள் என்று எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடுவது?

நீலக்குடை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டாள். மனதில் இருந்த கல் பாதி இறங்கியது. மீதியோடு நாட்களை ஓட்டினாள்.

மூன்று வாரம் கழித்து, மதியம் ஆள் குறைந்த நேரம். வரவேற்பில் இருந்த பெண் சீட்டை நீட்டினாள். வலது தோள், ஒரு படம். "உள்ளே வாங்க" என்று திரும்பிப் பாராமலே கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே அவர் நின்றார். அதே இஸ்திரிச் சட்டை.

கனத்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்தால் யாரும் உள்ளே வரமாட்டார்கள்.

"ஃப்ரேம் தூக்கித் தூக்கித் தோள் போச்சு" என்றார் அவர். "எங்க நிக்கணும்?"

அவள் இடத்தைக் காட்டினாள். தோளைப் பிடித்துத் தட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் தோள்களைத் தொட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் கை தயங்கியது.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார், முகம் சுவரைப் பார்த்தபடி இருக்க. "உங்க பதில் இல்லாட்டி என் பாடு திண்டாட்டம்தான். ஆயிரம் கேள்வி கேட்டிருப்பாங்க."

"அசையாதீங்க."

"அவ உங்ககிட்ட முன்னாலயும் ஏதேதோ கேட்டிருக்காளாமே. தங்கச்சி வீட்டுல உக்காந்துட்டு இப்பதான் சொல்றா. அவ ஃபோன்ல ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட இருக்குமோ?"

அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றாள். பொத்தானில் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

"பழசையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? அழிச்சிடுங்க. நான் எனக்காகச் சொல்லல. நீங்க தெரிஞ்சேதான் அப்படி எழுதினீங்கன்னு டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டீங்களாமே. அது வெளிய வந்தா யாரு மாட்டுவா? உங்க வீட்டுக்காரர் உயரத்துல தொங்கி வேலை செய்யறவரு. மனக்கவலையோட செய்யற வேலையா அது?" கொஞ்சம் நிறுத்தினார். "மூச்சைப் பிடிக்கணுமா?"

"வேண்டாம்" என்றாள். "தோளுக்கு மூச்சுப் பிடிக்க வேண்டாம்."

பொத்தானை அழுத்தினாள். படம் வந்தது. மூட்டு சுத்தமாக இருந்தது. விரிசல் இல்லை, தேய்மானம் இல்லை, வலிக்க ஒரு காரணமும் இல்லை. "எப்படி இருக்கு?" என்று அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டபடி கேட்டார். "ரிப்போர்ட் வரும்" என்றாள். அவர் தலையசைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

தன் கணவர் என்ன வேலை செய்கிறார் என்று அந்த மனிதரிடம் அவள் சொன்னதே இல்லை.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்தாள். கணவருக்குப் போன் செய்து, "கீழ இறங்குங்க, இன்னிக்கு வேலை வேண்டாம், நேரா வாங்க" என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவர் வந்ததும் இருவரும் தங்கை வீட்டுக்குப் போய், போலீசுக்கு வர முடியுமா என்று நீலக்குடையிடம் கேட்டார்கள். அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எனக்கு ஏன்னு இன்னும் தெரியல. பன்னெண்டு வருஷத்துல ஒரு நாள் கை ஓங்கினதில்ல, குரல் உசத்தினதில்ல" என்றாள். பிறகு படியிறங்கினாள். தங்கையும் கூடவே வந்தாள்.

அதிகாரி இந்த முறை வேறு ஒருவர். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, கள்ளியக்காவின் போனில் இருந்ததை முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்தார். ஐந்து செடி, ஐந்து தேதி. திருகுக்கள்ளி வந்த இடத்தில் நிறுத்தினார்.

"கண் போகும், தொண்டை வேகும்னு இங்க எழுதியிருக்கீங்க. இது உண்மை?"

"உண்மை."

"கடைசில ஒண்ணும் பண்ணாதுன்னு எழுதியிருக்கீங்க. இது பொய்."

"ஆமா."

"தெரிஞ்சே எழுதின பொய்." அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "இதை நான் எழுதிக்கிட்டா, கோர்ட்ல அவங்க வக்கீல் முதல்ல உங்களைத்தான் பிடிப்பாரு. எத்தனை மாசம் இழுக்கும்னு சொல்ல முடியாது. வேலைக்கும் இடைஞ்சல் வரலாம். யோசிச்சுக்கோங்க."

கணவர் அவளைப் பார்த்தார்.

"எழுதிக்கோங்க" என்றாள் கள்ளியக்கா.

மறுநாள் சட்டக்கடையின் பின்கட்டைச் சோதித்தார்கள். சுவரோரம் காலிப் பெயிண்ட் டப்பாக்களில் முப்பதுக்கும் மேல் செடிகள் வேர் பிடித்து நின்றன. ஒன்றுக்கும் பெயர் எழுதியிருக்கவில்லை. டப்பாவின் மேல் தேதி மட்டும். சில தேதிகளுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு. இரண்டு கோடு போட்டவை நான்கு. அவற்றைத் தனியே வைத்து எது என்ன செடி என்று சொல்லக் கள்ளியக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொன்றாக அடிப்பக்கம் திருப்பிப் பார்த்துச் சொன்னாள். அந்த நான்கில் ஒன்றுகூடத் தின்னக்கூடியது இல்லை. பொழுதுபோக்குக்கு வளர்த்தேன் என்றார் அவர்.

நாற்பது நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அதிகாரி சொன்னபடியே அவருடைய வக்கீல் முதலில் கள்ளியக்காவைத்தான் பிடித்தார். இரண்டு முறை கூண்டில் ஏறிவிட்டாள். ஸ்கேன் சென்டரில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள், வேலையை எடுக்கவில்லை. குழுவிலிருந்து விலகிவிட்டாள். பால்கனியில் இருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு சரி. கணவர் கேலி பேசுவதில்லை. வேலைக்குப் போனால் ஏறும்போது ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். நீலக்குடை தங்கை வீட்டிலேயே இருக்கிறாள். வழக்குக்கு வரும் நாளில் பக்கத்தில் உட்காருவாள். பேசிக்கொள்ள இருவருக்கும் அதிகம் ஒன்றுமில்லை.

சட்டக்கடை மறுபடி திறந்துவிட்டது. கள்ளியக்கா வேலைக்குப் போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகும், வேறு வழி கிடையாது. நேற்றுக் காலை சிக்னலில் பஸ் நின்றபோது அவர் வாசலில் ஒரு பெரிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் ஜன்னலாகப் பார்த்து, அவளைக் கண்டுபிடித்து, பழகினவரைப் போலக் கையைத் தூக்கிக் காட்டினார். அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் அதற்கு அடுத்தது.